மாட்டுத்தாவணிக்குப் போன தோணி

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணியில் தொம்மை சமையல்காரர். தினமும் உச்சிப்பொழுதில் உலையை இறக்கிவைத்துவிட்டு, பழைய செக்ஸ்டண்டைக் கண்ணில் வைத்துச் சூரியனின் உயரத்தை அளந்து, தோணி எங்கே இருக்கிறதென்று கணக்குப் போடுவார்.

அந்தப் பயணத்தில் முதலாளியின் மருமகன் கிளாட்வின், புது ஜிபிஎஸ் கருவியோடு அதிகாரம் பண்ண வந்திருந்தான். மூன்றாம் நாள் தொம்மை அவனிடம் போய், "சின்ன முதலாளி, சாயங்காலத்துக்குள்ள பவளப்பாறை வந்திரும். வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்க," என்றார்.

"நீரு போய்க் குழம்பைக் கிண்டும் வே! இன்னும் வெகுதூரம் கிடக்குன்னு சாட்டிலைட்டே சொல்லுது. அது பொய்னு இப்பமே நிரூபியும். இல்லன்னா அடுத்த கரையில இறங்கிரும்!"

தொம்மை வரைபடத்தை விரித்தார். "கருவி காட்டுத இடத்தை இதுல குறிங்க."

கிளாட்வின் பென்சிலால் குறித்தான். புள்ளி மதுரை மேல் போய் விழுந்தது.

தொம்மை தன் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். "கரை வந்துட்டு சின்ன முதலாளி. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு. நீங்க முதல்ல இறங்குங்க, நான் பின்னாலேயே வாரேன்."

சுக்கான் பிடித்தவர்கூடச் சிரித்துவிட்டார். கிளாட்வின் குனிந்து கீழே பார்த்தான். தண்ணீர்தான். முகம் கறுக்க, வேகத்தைக் குறைக்கச் சொன்னான்.

பொழுது சாய்வதற்குள் எதிரே பாறையில் அலை வெள்ளையாக உடைவது தெரிந்தது. கிளாட்வின் ஆத்திரத்தில் கருவியைக் கடலில் எறியக் கையை ஓங்கினான்.

தொம்மை தடுத்துவிட்டார். "எறிஞ்சிராதீங்க. நாளைக்கு மேகம் மூடிட்டுன்னா நானும் இதுகிட்டதான் கேக்கணும். என்ன, அது சொன்னதும் ஒருவாட்டி வெளிய எட்டிப் பார்த்துக்கிடுவேன்."