முப்பது முழக் கயிறு

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். யாராவது ஓலையைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினாலே அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒருமுறை தம் பிறந்தநாளுக்காக, நாட்டிலுள்ள எல்லாக் கிணறுகளுக்கும் புதிய கயிறு தருவதென்று முடிவு செய்தார். கயிறுகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், பழைய கயிறுகளை எரித்துவிட வேண்டும் என்றும் ஆணையிட்டார்.

அமைச்சர் வில்லவராயர் கிணறுகளின் ஆழத்தை எழுதி வாங்கி, கூட்டி வகுத்துப் பார்த்தார். "சராசரி ஆழம் முப்பது முழம், அரசே. முப்பது முழக் கயிறு போதும்" என்றார். கயிறு திரிப்பவர் அவருடைய மைத்துனர்தான்.

அவையின் விகடன் மருதையன் எழுந்து முன்னால் வந்தான். அவன் தங்கை வாழ்க்கைப்பட்டது மேட்டு நிலத்தில்.

"அரசே, மேட்டு நிலத்துக் கிணறுகளில் இந்தக் கயிறு தண்ணீரைத் தொடாது" என்றான்.

"ஓலையைப் படிக்கட்டுமா?" என்றார் அமைச்சர்.

"வேண்டாம், வேண்டாம். மருதையா, அந்த ஓலையில் உள்ளதைப் படமாக்கிக் காட்டு. பார்த்ததும் எனக்குப் புரிய வேண்டும்."

வில்லவராயர் சமயம் பார்த்துக் குறுக்கிட்டார். "படத்தில் எழுத்தும் கூடாது, எண்ணும் கூடாது, அரசே. நாளை காலைக்குள் முடியாவிட்டால் இவனை மொட்டையடித்து நாடு கடத்தலாம்."

அரசர் தலையசைத்தார்.

மருதையன் யானை வரைந்தால் அது பூசணிக்காய் போலிருக்கும். ஓலையோடு வீட்டுக்கு வந்தவன் சோறுகூட இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அடுக்களையில் மனைவி சட்டிகளைக் கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று எழுந்து குயவர் வீட்டுக்கு ஓடினான்.

விடிந்ததும் அரண்மனை முற்றத்தில் கோலமாவால் வரிசையாகக் கட்டங்கள் போட்டான். பத்து முழத்துக்கு உட்பட்ட கிணறுகளுக்கு முதல் கட்டம், இருபது வரை அடுத்த கட்டம் என்று வகுத்துக்கொண்டான். ஓலையில் ஒரு கிணற்றைப் படிப்பான், அதற்குரிய கட்டத்தில் ஒரு சட்டியைக் கவிழ்ப்பான். கட்டம் நிரம்பினால் மேலே அடுக்குவான். கடைசிக் கிணறும் முடிந்தது.

அரசர் மாடத்தில் நின்று பார்த்தார். "இதென்ன, இரு பக்கமும் மலை, நடுவில் பொட்டல்?"

"படம் வரையச் சொன்னால் சட்டி அடுக்கியிருக்கிறான்" என்றார் வில்லவராயர்.

"எழுத்தும் எண்ணும் கூடாது என்றீர்கள், ஐயா. சட்டி கூடாது என்று சொல்லவில்லையே" என்றான் மருதையன். பிறகு மாடத்தை நோக்கிக் கைகூப்பினான். "ஒரு சட்டி ஒரு கிணறு, அரசே. இந்த மலை ஆற்றோரம், ஆழமில்லாதவை. அந்த மலை மேட்டு நிலம், எல்லாம் ஐம்பது முழத்துக்குக் குறையாதவை."

"சரி, முப்பது முழக் கயிறு எந்தக் கிணற்றுக்குப் பொருந்தும்?"

மருதையன் நடந்துபோய் நடுவில் இருந்த வெற்றுக் கட்டத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"இங்கே தோண்டினால் பொருந்தும், அரசே."

அரசர் ஒரு கணம் விழித்தார். பிறகு மாடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏற்ற நீளத்தில் கயிறு திரிக்க உத்தரவானது. "வில்லவராயரே, மேட்டு நிலத்துக்குக் கயிற்றை நீரே கொண்டுபோய், கிணற்றுக்கொரு வாளி இறைத்துக் காட்டிவிட்டு வாரும்" என்றார்.

பிறகு கீழே இறங்கி வந்து, தம் முத்துமாலையைக் கழற்றி மருதையன் கழுத்தில் போட்டார். அவன் அந்த மாலையோடேயே சட்டிகளை வண்டியில் ஏற்றி, ஒன்றுகூட உடையாமல் குயவர் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் சாப்பிடப் போனான்.