மந்திரி வரைந்த ஐந்து கால் யானை

தூணுக்கு ஒரு பிள்ளையாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். இருபது தூண், இருபது பிள்ளைகள். எல்லாருக்கும் ஐந்து வயசு, மிஞ்சினால் ஆறு. பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்த ராஜா வாசலிலேயே நின்றுவிட்டார். மூன்றாவது தூணில் அவருடைய சொந்த மகள் சித்திரை. அழக்கூடப் பயந்து நின்றாள்.

"அடப்பாவி! என்னய்யா இது?"

இது நேற்று நடந்தது இல்லை. வேம்பாற்று நாட்டைக் கோளரிவர்மன் என்கிற ராஜா ஆண்ட காலம். ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்குச் சரி. இதைத் தெரிந்துகொண்டு எப்போதும் கடைசியாகப் பேசுகிறவர் பிரம்மநாயகப் பண்டிதர். பள்ளிக்கூடம் அவர் பொறுப்பு.

"மன்னா, நான் மூன்று நாழிகையாக இலக்கணம் சொல்கிறேன். ஒருவன் ஓணானைப் பார்க்கிறான். ஒருத்தி பக்கத்துப் பையனின் குடுமியைப் பின்னுகிறாள். கவனிக்காதவரைத் தூணில் கட்டுவது என்று சட்டம் போட்டேன். இப்போது பாருங்கள், ஈ பறந்தால்கூடக் கேட்கிறது."

ராஜா காது கொடுத்துக் கேட்டார். "அட, ஆமாம். அதுவும் சரிதான்" என்றார்.

பெத்த அப்பன்! சொல்லவே வயிறு எரியுது.

கூட வந்த மந்திரி தத்தனுக்கும் எரிந்தது. "மன்னா, கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். ஒரு நாழிகை நான் பாடம் சொல்கிறேன். நாழிகை முடியும்போது ஒரு பிள்ளை என் பக்கத்தில் இல்லாவிட்டாலும் நான் தோற்றவன்" என்றார்.

பண்டிதருக்கு மந்திரியை எப்போதுமே ஆகாது. உடனே முன்னால் வந்தார். "தோற்றால் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கக் கயிறுதான். உம் பாடத்தில் பிரம்பு கூடாது, பலகாரம் கூடாது. கதை, பாட்டு எதுவும் கூடாது. சம்மதமா ஓய்?"

"சம்மதம். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். நான் தப்பு செய்வேன், அனுமதி தாருங்கள்."

எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அந்த நாட்டில் ராஜா முன்னால் ஒரு வார்த்தை தப்பினாலும் தலை மொட்டை. பாதி அரண்மனை மொட்டைதான். அந்தப் பயத்தில்தான் பண்டிதர் ஏட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பாடம் நடத்துவார். எதிரே பிள்ளைகள் இருந்தாலும் ஒன்றுதான், பூசணிக்காய் இருந்தாலும் ஒன்றுதான்.

"அதுக்கென்ன, செய்துகொள்" என்றார் ராஜா, சிரித்துக்கொண்டே.

அடியில் ஓட்டை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். அது மூழ்கினால் ஒரு நாழிகை. பண்டிதர் அதன் பக்கத்திலேயே குந்திக்கொண்டார்.

கயிறு அவிழ்ந்ததும் பிள்ளைகள் மூலைக்கு மூலை சிதறின. மந்திரி கூப்பிடவே இல்லை. மணலைப் பரப்பி, குனிந்து, ஒரு யானை வரைந்தார். பிறகு சத்தமாக எண்ணினார். "ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. யானைக்குக் கால் ஐந்து."

ஓணானைத் தேடிப் போன பையன் அப்படியே திரும்பினான். "ஐயோ மாமா! நாலு கால்தான்!"

"அப்படியா? எங்கள் ஊர் யானைக்கு ஐந்து."

"பொய்! மூணை வேற விட்டுட்டீங்க!" இது சித்திரை. ஓடி வந்து மணலில் உட்கார்ந்தே விட்டாள்.

"மூன்று என்று ஒரு எண் இருக்கிறதா?"

இருபது வாயும் பிளந்தன. ஒரு பெரிய மனுஷருக்கு மூன்று தெரியாதா! இருபது பேரும் முட்டி மோதிக்கொண்டு நெருங்கினார்கள். மந்திரி தும்பிக்கையை வால் பக்கம் போட்டார். கத்தினார்கள். அழித்துவிட்டு முன்னால் போட்டார். 'யானை' என்று எழுதச் சொன்னால் 'பானை' என்று எழுதினார். அவர் கையைத் தள்ளிவிட்டு அவர்களே எழுதினார்கள். அடுத்து எங்கே தப்புவார் என்று கண் கொட்டாமல் காத்திருந்தார்கள்.

கிண்ணம் மூழ்கியது. ஒரு பிள்ளைகூட எழவில்லை. ராஜாவே தரையில் உட்கார்ந்து, "அடேய், அது காது இல்லைடா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

பண்டிதர் குதித்தார். "இது பாடமா? எல்லாம் தப்பு!"

"எத்தனை தப்பு, பண்டிதரே?" என்றார் மந்திரி.

பண்டிதர் விழித்தார். அவர் பார்த்ததெல்லாம் கிண்ணத்தைத்தான்.

"பதினொண்ணு!" என்று இருபது பிள்ளைகளும் கத்தின.

ராஜாவுக்கு முகம் மாறியது. "கவனிக்காதவரைத் தூணில் கட்டுவது. உம்முடைய சட்டம்தானே ஓய்?"

காவலர் கயிற்றை எடுத்ததும் பண்டிதர் தூணை விட்டுத் தள்ளித் தள்ளிப் போனார். இத்தனை நாள் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்திருக்கும். உறைக்கட்டும்.

"கயிறு வேண்டாம் மன்னா. நாளைக்கு ஒரு நாள் என் பாடத்தில் முன்வரிசையில் உட்காரட்டும்" என்றார் மந்திரி. ராஜா சரி என்றார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். மொட்டைச் சட்டத்தையும் அன்றே நீக்கினார்.

மறுநாள் பண்டிதர் கடுகடுவென்று வந்து உட்கார்ந்தார். மூன்று தப்பு வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நான்காவது தப்பில் மந்திரி மாட்டுக்குச் செதில் வரைந்தார். அதற்குப் பிறகு அங்கே அதிகம் கத்தினது பண்டிதர்தான்.

சாயங்காலம் ராஜா வந்தார். "தண்டனை முடிந்தது பண்டிதரே. எழுந்து வீட்டுக்குப் போம்."

மந்திரி அப்போதுதான் கோழிக்கு மீசை வரைந்துகொண்டிருந்தார்.

பண்டிதர் எழுந்திருக்கவில்லை.