கோடு போட்டவன்

காசு வாங்கிக்கொண்டு மூன்று முறை கோட்டைத் தாண்டி நோபால் வீசியதாக வேகப்பந்து வீரர் விக்ராந்த் மீது புகார். விசாரணையில் அவர், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் செங்கோடனைக் கைகாட்டினார்.

"இவன் போட்ட கோடு என் கண்ணுக்கே தெரியலை சார். அதான் தாண்டிட்டேன்."

விசாரணை அதிகாரி செங்கோடனை முறைத்தார். "அவர் கண்ணுக்குத் தெரிஞ்சுதுன்னு உன்னால நிரூபிக்க முடியுமா? இல்லேன்னா உன் வேலை போயிடும்."

இன்னொருத்தர் கண்ணுக்குள் புகுந்தா பார்க்க முடியும்? செங்கோடன் சுவரில் ஓடிய அந்த மூன்று பந்துகளின் வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு தடவையும் கால் சரியா ஒரு சாண் தள்ளி விழுந்திருக்குதுங்க. கோட்டுல ஒருதடவைகூடப் படலைங்க," என்றான். "கோடு தெரியாத கால் ஒருதடவையாவது மிதிச்சிருக்குமுங்க. தெரிஞ்ச கால்தானுங்க இப்படி அளந்து தாண்டும்."

விக்ராந்த் மெல்ல நாற்காலிக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டார்.