கறுப்புக் கல் மதில்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஏழு நாடுகள் இருந்தன. ஏழுக்கும் ஏழு வாசல். ஏழு கதவையும் ஒரே ஒரு மாயக்கயிறு திறந்து பிடித்திருந்தது. உப்பு மலைக்கு ஏறும். மருந்து வேர் கடலுக்கு இறங்கும். யாரும் வண்டியை மறிக்கமாட்டார்கள். கயிற்றைப் பராமரிக்க ஏழு மூட்டைக்கு ஒரு மூட்டை கொடுக்கணும், அவ்வளவுதான்.

கடலோர உவர்நாட்டு ராஜாவிடம் நெடுங்காலன் என்ற மந்திரவாதி வந்தான். "கயிற்றை வெட்டிடுங்க ராஜா. ஏழாவது மூட்டையும் நமக்கே!" என்றான்.

ராஜா ஊரைக் கேட்டார். வெட்டலாம் என்றால் கறுப்புக் கல், வேண்டாம் என்றால் வெள்ளைக் கல். பானை நிறையக் கறுப்பு. ராஜா வாளை உருவித் தன் வாசலில் கயிற்றை வெட்டினார். சரக்!

உவர்நாட்டுக் கதவு மூடிக்கொண்டது. பானையிலிருந்த கறுப்புக் கற்கள் தானாக உருண்டுபோய் வாசலில் மதிலாக நின்றன. அதன் உச்சியில் நெடுங்காலன் உட்கார்ந்துகொண்டான்.

உப்பளத்தில் தாழை என்ற பெண் வேலை செய்தாள். அவள் அம்மா அலர்மேலுக்கு இளைப்பு நோய். மலைநாட்டு வேர் இருந்தால்தான் மூச்சு வரும். வீட்டில் மூன்று நாளுக்குத்தான் வேர் இருந்தது.

முதல் நாள், உப்பு வாங்க ஆள் வரவில்லை. "நான் கறுப்பு போடலைப்பா, அவன்தான் போட்டான்!" என்றார்கள். மதில் ஒரு முழம் ஏறியது.

இரண்டாம் நாள், மழையில் உப்புக் குவியல் கரைந்தது. "நான் போடலை, மேலத்தெருக்காரன் போட்டான்!" மதில் இன்னொரு முழம் ஏறியது. நெடுங்காலனும் ஒரு முழம் வளர்ந்தான்.

மூன்றாம் நாள், ராஜா மாடத்திலிருந்து கத்தினார்: "எல்லாம் மலைநாட்டான் சதி!" மதில் மூன்று முழம் ஏறியது.

அன்று வேர் தீர்ந்தது. தாழை ஓடிப்போய் மதிலைக் குத்தினாள். கல்லிடுக்கிலிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது.

"கையை ஏன் உடைச்சுக்கற?"

"அம்மா செத்துடுவா. இதை எப்படி இடிக்கறது?"

"இடிக்க முடியாது. போட்டவங்க 'நான்தான் போட்டேன்'னு சொன்னா அவங்க கல் விழும். பொய் சொன்னா கல் குட்டி போடும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். இன்னும் ஒருத்தர்கூடச் சொல்லலையே."

தாழை வீட்டுக்கு ஓடினாள். "அம்மா, நீ என்ன கல் போட்ட?"

"நா... நான் வெள்ளைடி."

வாசல் பக்கம் கடகடவென்று சத்தம்.

"அம்மா!"

அலர்மேலுக்கு மூச்சு வாங்கியது. "கறுப்புதான் போட்டேன். அந்த மூட்டை மிஞ்சினா உனக்குச் செருப்பு வாங்கலாம்னு நினைச்சேன்."

தூரத்தில் தொப்பென்று ஒரு கல் விழுந்தது.

"என்னைத் தூக்கிட்டுப் போ. ஊர் முன்னால சொல்றேன்."

தாழை அம்மாவை உப்பு வண்டியில் வைத்துத் தள்ளினாள். வாசலில் கூட்டம் கூடியது. "நான்தான் போட்டேன்" என்றாள் அலர்மேல். போட்டதை ஒப்புக்கொண்டால் கல் விழும் என்று தாழை கூட்டத்துக்குச் சொன்னாள். அவள் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

வண்டிக்கார மாசாணம் தலையைச் சொறிந்தான். "நானுந்தான்." தொப். "நானும்." தொப். "நான், என் பொண்டாட்டி, ரெண்டு பேரும்!" தொப், தொப். மதில் இறங்க இறங்க நெடுங்காலன் சுருங்கினான். கடைசியில் ஒரே ஒரு வரிசை மிச்சம்.

"ராஜா, உங்களைத்தான்!" என்று தாழை மாடத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"ஊர்தானே கேட்டுச்சு..." மதில் உயரப் பார்த்தது. "சரி, சரி! நானும் கறுப்பு! வெட்டறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்!"

கடைசி வரிசையும் சரிந்தது. ஈ அளவுக்குச் சுருங்கியிருந்த நெடுங்காலனைப் பல்லி லபக்கென்று விழுங்கியது.

ஊரே சேர்ந்து கதவைத் தள்ளித் திறந்தது. அந்தப் பக்கம் மலைநாட்டார் வேரோடு நின்றார்கள். அலர்மேலுக்கு மூச்சு வந்தது. ராஜா தாழையை வாசலுக்குத் தலைவி ஆக்கினார். செருப்பும் வந்தது.

கயிற்றை முடிச்சுப் போட்டார்கள். முடிச்சுப் போட்டதில் கயிறு ஒரு முழம் குறைந்தது. உவர்நாட்டுக் கதவு மட்டும் இப்போது பாதிதான் திறக்கும். முன்பு மூன்று வண்டி போன இடத்தில் ஒரு வண்டிதான் போகும். வரிசையில் நிற்கும்போது காற்றடித்தால் முடிச்சு கிறீச்சென்னும். ஊரே பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கும்.