நாற்பது பேர் சுமந்த ஆமை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், இப்போது இருக்கிற ஊர் எதுவும் இல்லாத காலத்தில், மூங்கில்பட்டணம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் ராஜா பெயர் தூங்காவர்மன். பெயர்தான் அப்படி. பகலிலேயே மூன்று தூக்கம் போடுவார்.

பட்டணத்தை ஒட்டிப் பெரிய ஏரி. தென்கரையில் இருபது குடிசைகள், வலை வீசிப் பிழைக்கிற ஜனங்கள். அவர்களில் ஒருத்திதான் வஞ்சிக்கொடி. வாய்த் துடுக்குக்காரி. ஆனால் எதையும் இரண்டு தடவை யோசித்துத் தன்னைத் தானே குழப்பிக்கொள்வாள்.

அந்த ஏரியில் ஓர் ஆமை இருந்தது. பேசுகிற ஆமை! அதற்குக் கீரையும் நத்தையும் ஊட்டியது வஞ்சியும் அவள் ஜனங்களும்தான். ஒரு சமயம் ராஜாவுக்கு ஏரியை மண் போட்டு மூடி நந்தவனம் வைக்க ஆசை வந்தது. உள்ளங்கை அளவே இருந்த ஆமை தத்தித் தத்தி அரண்மனைக்குப் போய், ராஜாவின் செருப்பு மேல் ஏறி நின்று, "ஏரியை மூடிட்டா எங்க பொழப்பு என்னாகிறது, ராஜா?" என்று கேட்டது. அச்சு அசல் தென்கரை ஜனங்களின் பேச்சு. ராஜா வெலவெலத்துப் போய் மண் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று வஞ்சி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. முடியவில்லையே!

ஆமையின் பேர் எட்டு திக்கும் பரவியது. பலாப்பழம் வந்தது, பணியாரம் வந்தது, பக்கத்து நாட்டு ராஜா வண்டி வண்டியாக மாம்பழம் அனுப்பினார். வருகிறதை வாங்கி வைக்க ஏரிக்காவல் சபை என்று ஒன்று உண்டானது. ஆமை தின்றது, வளர்ந்தது. தின்றது, வளர்ந்தது. ஒரு வீடு அளவுக்கு வளர்ந்தது. அதை அரண்மனைக்குத் தூக்கிப் போக நாற்பது பேர் வேண்டியிருந்தது. அதைக் கேட்காமல் ராஜா எந்த ஓலையிலும் முத்திரை வைப்பதில்லை. அது காலையில் ஒரு குரலில் பேசும், மத்தியானம் வேறு குரலில் பேசும். இரண்டுக்கும் மந்திரிகள் தலையாட்டினார்கள்.

ஒருநாள் ராஜசபை நடுவே ஆமை கனத்த குரலில் சொன்னது: "தென்கரை வலையாலதான் ஏரி பாழாகுது. அந்த இருபது குடிசையையும் எடுத்துடுங்க, மகாராஜா."

"அப்படியே ஆகட்டும். இன்றைக்கு நாலாம் நாள் முத்திரை வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ராஜா கொட்டாவி விட்டார்.

வஞ்சிக்குத் தலை சுற்றியது. நம் கையில் தின்ற ஆமையா இப்படிச் சொல்கிறது? விறுவிறுவென்று ஏரிக்காவல் சபைத் தலைவர் ஏகாம்பரத்திடம் போனாள்.

"ஐயா, கண்டவங்க குடுக்கிறதை எல்லாம் எதுக்கு வாங்கி அதுக்குப் போடுறீங்க?"

"வாங்காம என்னம்மா செய்றது?" என்றார் அவர், பாவம், நல்ல மனுஷர். "ஆமை அரண்மனைக்குப் போனாத்தானே ஏரி தப்பிக்கும்? தூக்க நாற்பது பேர் வேணும். அந்த நாற்பது பேருக்கும் சாப்பாடு வேணும்."

அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. வஞ்சிக்குக் குழப்பம்தான் கூடியது.

அடுத்து, வடகரையில் சாயப்பட்டறை வைத்திருந்த வணிகர் பொன்னடியாரிடம் போனாள். ஆமைக்கு வண்டி வண்டியாகப் பலாப்பழம் அனுப்புகிறவர் அவர்தான்.

"ஆமையை எங்களுக்கு எதிரா பேச வச்சது நீங்கதானே?"

"ஐயையோ, நான் ஒரு வார்த்தை சொல்லலை தாயி! நல்ல காரியம்னுதான் பழம் குடுத்தேன். என் பட்டறையை நம்பி இருநூறு பேர் இருக்காங்க. ஆமை நல்லா இருக்கட்டும்னு நினைக்கிறது தப்பா?"

அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. வஞ்சிக்குக் குழப்பம்தான் கூடியது.

மூன்றாவதாக மந்திரவாதி கரடிமுத்துவிடம் போனாள். மொட்டைப் பாறை மேல் தண்ணீரே இல்லாமல் மிதக்கிற படகு அவர் வீடு. அவர் அடுப்புப் புகை மேலே போகாமல் கீழே இறங்கும். "சூனியம் வச்சது நீர்தானே?" என்று வஞ்சி துடுப்பை ஓங்கினாள்.

"சூனியமா? வரம் குடுத்தேன், பொண்ணே! ஊமை ஆமை ஒண்ணு வந்து ஆமை பாஷையில அழுதுச்சு. 'எனக்குச் சோறு போடுற ஏழைங்களுக்காகப் பேசணும், பேச்சு வரலையே'ன்னு. மனசு கேக்கலை. 'எவன் சாப்பாடு உன் வயித்துல இருக்கோ, அவன் மனசுல உள்ளது உன் வாயில வரட்டும்'னு சொன்னேன். இதுல என்ன தப்பு?"

அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. எனக்குக்கூட அதில் தப்புக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. துடுப்பை இறக்கிவிட்டு வஞ்சி பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் நல்லவர்களாக இருந்தால் யாரைத் திட்டுவது?

அப்புறம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இருபது குடிசையிலும் கீரையும் நத்தையும் சேர்த்து ஒரு பானை நிறைய எடுத்துக்கொண்டாள். ஆமை இதைத் தின்றால் நமக்காகப் பேசும் அல்லவா? அன்று ராத்திரி சபைக்காரர்கள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஆமை முன்னால் போய் நின்றாள். இந்தப் பக்கம் அவள் பானை. அந்தப் பக்கம் மலை மாதிரி பலாப்பழம். பானையைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ஆமையாரே, நீங்களா எங்களைப் போகச் சொன்னீங்க?"

ஆமை கண்ணைத் திறந்தது. "தெரியலையே, வஞ்சி" என்றது மாம்பழக் குரலில். "வாயைத் திறந்தா யார் யாரோ பேசுறாங்க" என்றது பலாப்பழக் குரலில். "எனக்குன்னு ஒரு குரல் இருந்துச்சா? நீ கேட்டிருக்கியா?" என்றது வேறொரு குரலில்.

வஞ்சி யோசித்துப் பார்த்தாள். தான் ஊட்டிய நாளில் ஆமை பேசியதெல்லாம் தன் பேச்சுதான். பானையைக் கொடுத்தால் மறுபடியும் அதுதான் நடக்கும். கொடுக்காவிட்டால் குடிசை போய்விடும். பானையைக் கொடுக்காமல் திரும்பத் தன் தலையிலேயே தூக்கி வைத்துக்கொண்டாள்.

"கேட்டதில்லை, ஆமையாரே. எனக்குக் கேக்கணும்."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

முதல் நாள் சபை கெஞ்சியது. தலை வெளியே வரவில்லை. ஆமை ஒரு வண்டி அளவுக்குச் சுருங்கியது. இரண்டாம் நாள் வணிகர் தேனில் ஊறிய சுளை கொண்டுவந்தார். தலை வெளியே வரவில்லை. ஆமை ஒரு முறம் அளவுக்குச் சுருங்கியது. மூன்றாம் நாள் பக்கத்து நாட்டு ராஜாவே வந்து தட்டிப் பார்த்தார். தலை வெளியே வரவில்லை. ஆமை உள்ளங்கை அளவு ஆகிவிட்டது.

நாலாம் நாள் ஆமை தத்தித் தத்தித் தானே அரண்மனைக்கு நடந்தது. நாற்பது பேர் வெறுங்கையோடு பின்னால் போனார்கள். ராஜா முத்திரையைக் கையில் எடுத்தார். ஆமை தலையை வெளியே நீட்டியது.

மெல்லிய குரல், லேசாகக் கரகரத்தது. அதுவரை யாரும் கேட்டிராத குரல்.

"தண்ணி கசக்குது, ராஜா. வடக்குப் பக்கம் ரொம்பக் கசக்குது."

பொன்னடியார் தலையைக் குனிந்துகொண்டார். வஞ்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஆமை அவள் பக்கம் திரும்பியது.

"தெக்கே வலைக்கண் ரொம்பச் சின்னது. என் குஞ்சு மூணு அதுல மாட்டிச் செத்துச்சு. உன் கீரை வயித்துல இருந்த வரைக்கும் இதைச் சொல்ல வாய் வரலை, வஞ்சி."

வஞ்சிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தன் பேச்சைத் தானே பேசியதும் ஆமையின் வரம் கழன்றுவிட்டது. அதற்குப் பிறகு அது பேசவே இல்லை.

"இனிமேல் நான் யாரைக் கேட்டு முத்திரை வைப்பது?" என்று ராஜா பதறினார்.

"தெரியலை, மகாராஜா" என்றாள் வஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாங்க. ஏரித் தண்ணியைக் குடிச்சுப் பார்த்துட்டு முத்திரை வைங்க."

ராஜா வடகரைத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்து, தூவென்று துப்பினார். அன்றைக்கு அவருக்குத் தூக்கமே வரவில்லை. பட்டறைச் சாயம் ஏரிக்கு வராமல் தனிக்குழிக்குத் திரும்பியது. குழி வெட்டியது அந்த நாற்பது பேர்தான். பட்டறையின் இருநூறு பேருக்கும் வேலை போகவில்லை. தென்கரை அந்த ஜனங்களுக்கே என்று ராஜா செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார்.

எல்லோரும் சுகமாக இருந்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கொஞ்சம் குழப்பத்தோடு சுகமாக இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வஞ்சி வலையைப் பிரித்துப் பெரிய கண்ணாகப் பின்னிக்கொண்டாள். மீன் கொஞ்சம் குறைந்தது. ஒருநாள் அந்த வலைக்குள் ஒரு குஞ்சு ஆமை நுழைந்து, நின்று, அவளைப் பார்த்துவிட்டு, மறுபக்கமாக வெளியே போனது. வஞ்சிக்கு அதன் மேல் கொள்ளை ஆசை. ஆனாலும் அதற்குத் தின்ன அவள் ஒன்றும் கொடுக்கவில்லை.