பெட்டியில் கிடந்த ஸ்பிரிங்குகள்

ரங்கநாயகியிடம் பாடம் கேட்க வந்த சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்து நாலு.

பொள்ளாச்சியில், உடுமலை ரோட்டில், பழைய மோட்டார் சைக்கிள்களைச் சீராக்கும் பட்டறை ரங்கநாயகியுடையது. சீடர் திருமூர்த்தி, நூற்பாலை எடைமேடையில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவர். லாரி ஏறி நிற்கும், முள் ஆடி ஓயும், எடையை உரக்கச் சொல்வார். அந்தக் குரல் கேட்டு வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். ஓய்வு பெற்ற அன்று ஆலையில் ஒரு சால்வையும் பழைய எடை மெஷின் ஒன்றையும் கொடுத்தார்கள். சால்வை எங்கே போனதென்று தெரியாது. மெஷினைப் பட்டறை மூலையில் வைத்த பிறகுதான் பாடத்தையே ஆரம்பித்தார். முள் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

ஒரு ஆடி மாதக் காலையில் வெள்ளிங்கிரி மாஸ்டர் வந்தார். கல்யாண சமையல்காரர். அவர் வைக்கும் ரசத்துக்காகவே முகூர்த்தத் தேதியைத் தள்ளி வைத்தவர்கள் உண்டு. கல்லீரலில் ஏதோ கோளாறு என்று அரை வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்திருந்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு மூச்சு வாங்கினார்.

"அம்மிணி, சீட்டு எட்டி ஒதைக்குது. நாலு கிலோமீட்டர் வரதுக்குள்ள முதுகு போச்சு. இருபது வருசமா மெத்தை மாதிரி இருந்த வண்டி."

"பார்க்கறனுங்க மாஸ்டர்."

"ஆவணில ஆனைமலையில ஒரு கல்யாணம். ஆயிரம் இலை. வரச் சொல்றாங்க. இந்த வண்டில ஏறிப் போக முடிஞ்சா போவேன். முடியலீன்னா வண்டிய வித்துப்போட்டு, கரண்டியவும் வெச்சுடறதுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்ட இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அது அந்தக் காலத்து வண்டி. சீட்டுக்கு அடியில் ஒரு தூண். அந்தத் தூண் வண்டிச் சட்டத்தின் குழாய்க்குள் இறங்கும். குழாய்க்குள் ஸ்பிரிங்குகள். ஓட்டுகிறவரின் கனத்துக்கு ஏற்ற ஸ்பிரிங் இருந்தால் சீட்டு மெத்தை. இல்லாவிட்டால் உலக்கை.

திருமூர்த்திக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஸ்பிரிங் அலமாரிக்கு முன்னால் நின்றபடி கேட்டார்.

"உங்க எடை எத்தனைங்க மாஸ்டர்?"

"எம்பத்தி ரெண்டு."

"அது எப்பங்க?"

மாஸ்டர் தொளதொளத்த சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். திருமூர்த்தி அவர் கையைப் பிடித்து, பக்குவமாக மெஷின் மேல் ஏற்றிவிட்டார். முள் ஆடியது. நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு முப்பது வருடப் பழக்கத்தில் உரக்கச் சொன்னார்.

"ஐம்பத்தி நாலு!"

எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாஸ்டர் மெதுவாக இறங்கினார். செருப்பைப் போட்டுக்கொண்டார். வண்டியைப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டிப் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ரங்கநாயகி கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். இரண்டு டீ வந்தது. மாஸ்டர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு என்னவோ விளக்கினார். பிறகு தானே எழுந்து, இஞ்சியை வாங்கி நசுக்கிக் காட்டினார். அடுத்த டீ வந்ததும் இருவரும் குடித்துவிட்டு வந்தார்கள்.

"அண்ணா, பச்சை பெயிண்ட் அடிச்ச ஸ்பிரிங்க எடுங்க" என்றார் ரங்கநாயகி, திருமூர்த்தியிடம்.

இருப்பதிலேயே மெல்லிய ஸ்பிரிங்குகள் அவை. திருமூர்த்தி தூணைக் கழற்றி, பழைய தடித்த ஸ்பிரிங்குகளை உருவிவிட்டு, இவற்றை மாட்டினார். மாஸ்டர் ஏறி உட்கார்ந்தார். சீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் வைத்துப் பார்த்த ரங்கநாயகி தலையாட்டினார்.

"ரெண்டு விரக்கடை எறங்குது. போதுமுங்க. ஆனைமலைக்குப் போற வழியில பாலம் வேலை நடக்குது, அங்க மட்டும் பார்த்துப் போங்க."

எப்போது போகிறார், போவாரா என்றெல்லாம் கேட்கவில்லை.

கழற்றிய ஸ்பிரிங்குகளைத் திருமூர்த்தி அலமாரிக்குக் கொண்டுபோனார்.

"அங்க வெக்காதீங்கண்ணா. வண்டியோட டூல்ஸ் பெட்டில போடுங்க."

"எதுக்குங்க? முக்கால் கிலோ இருக்கும். சும்மா சுமக்கறதுக்கா?"

"அது அவரோடது."

திருமூர்த்தி ஒரு பழைய துணியைக் கிழித்து ஸ்பிரிங்குகளைச் சுற்றப் போனார். சுற்றாவிட்டால் பெட்டிக்குள் உருண்டு சத்தம் போடும்.

"சுத்தாதீங்க. அப்படியே போடுங்க."

அப்படியே போட்டார். மாஸ்டர் கிளம்பினார். ரோட்டு மேடு ஏறும்போது பெட்டி லொடலொடவென்றது. அரைகுறை வேலை என்று ஊரே சொல்லும்படியான சத்தம். திருமூர்த்திக்கு மானம் போனது.

சாயங்காலம் மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அம்மிணி, ஐம்பத்தி நாலுன்னா ஐம்பத்தி நாலுதானுங்களே?"

"ஆமாங்கண்ணா."

"தப்பாச் சொல்லலீங்களே?"

"ஒரு கிலோ கூடத் தப்பில்லீங்க."

"பின்ன ஏனுங்க அவரு எந்திரிச்சுப் போனாரு?"

ரங்கநாயகி ஷட்டரை இழுக்கப் போனவர் நின்றார்.

"லாரிக்குத் தன் எடை தெரியாதுங்கண்ணா. நீங்க சொன்னாத்தான் உண்டு. மாஸ்டருக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

அன்று திருமூர்த்தி வீட்டுக்குப் பஸ்ஸில் போகவில்லை, நடந்தே போனார். அதன் பிறகு மாதக்கணக்கில் அந்த மெஷினில் பழைய இரும்பை மட்டுமே நிறுத்தார். எடையை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

ஆவணி போனது. ஆனைமலைக் கல்யாணம் நடந்ததா, யார் சமைத்தார்கள் என்று தெரியவில்லை. டீக்கடையில் மட்டும் இஞ்சி டீக்குக் கூட்டம் கூடியிருந்தது.

மாசியில் ஒரு நாள், வண்டி வருவதற்கு முன் அந்த லொடலொட சத்தம் வந்தது. திருமூர்த்தி ஸ்பானரைக் கீழே வைத்தார்.

வெள்ளிங்கிரி மாஸ்டர் இறங்கினார். சட்டையில் பெருங்காய வாசம். முகத்தில் கோபம்.

"என்ன வேலை செஞ்சு குடுத்தீங்க நீங்க? பள்ளத்துல எறங்கினா சீட்டு அடிவரைக்கும் போய் டொக்குன்னு இடிக்குது!"

திருமூர்த்தி பதறிப்போய்ப் பச்சை ஸ்பிரிங் ஒடிந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். ஒடியவில்லை. மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். சட்டை நிறைய ஆள் இருந்தார். அப்போதுதான் விளங்கியது. இத்தனை சந்தோஷமான புகாரை அந்தப் பட்டறை அதுவரை கேட்டதில்லை.

ரங்கநாயகி அதற்குள் வண்டிக்கு அடியில் படுத்துத் தூணைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

"பெட்டில இருக்கறத எடுங்கண்ணா."

"அதையும் கேக்கணும்னுதான் வந்தேன்" என்றார் மாஸ்டர். "ஏழு மாசமா அதுங்க சத்தம் தாங்கலீங்க. ஒவ்வொரு பள்ளத்துலயும் சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு கேக்கற மாதிரியே இருந்துச்சு. எரிச்சல்ல ரெண்டு தடவை தூக்கி வீசப் பார்த்தேன்."

"வீசலீங்களா?"

"என்னோடதை நான் எதுக்கு வீசோணும்?"

திருமூர்த்தி பெட்டியைத் திறந்து ஸ்பிரிங்குகளை எடுத்தார். உருண்டு உருண்டு பளபளவென்று தேய்ந்திருந்தன. அவர் திரும்புவதற்குள் மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் கைபிடிக்காமல், மூலையிலிருந்த மெஷின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"வாங்க. பாருங்க."

"வேண்டாமுங்க மாஸ்டர். விரல் வெச்சே பார்த்துக்கலாமுங்க."

"அட, வாங்கன்னா. அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லணும். டீக்கடைக்குக் கேக்கோணும்."

திருமூர்த்தி மெஷின் முன்னால் போய் நின்றார். முள் ஆடியது. காத்திருந்தார். டீக்கடையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து வண்டிக்கு அடியிலிருந்து ரங்கநாயகியின் குரல் வந்தது.

"என்னங்கண்ணா, முள்ளு இன்னும் நிக்கலீங்களா?"

முள் எழுபத்தொன்றில் எப்போதோ நின்றுவிட்டது. திருமூர்த்திக்குத்தான் குரல் வரவில்லை.