மாறாத அணு

எங்கள் பள்ளித் தாளாளர் ரத்தினவடிவேலுக்கு, அறிவியலுக்கும் தாமே தாளாளர் என்ற நினைப்பு. வாசலில் நிற்கும் அணுவின் மாதிரி உருவம் பழசாகிவிட்டது என்று ஆசிரியர்கள் சொன்னதும், ஆய்வக உதவியாளர் செம்மலையைக் கூப்பிட்டார்.

"இனிமே எந்த விஞ்ஞானியும் மாத்த முடியாத அணுவா ஒண்ணு செஞ்சு வை. இல்லேன்னா உன் வேலை போச்சு."

விழாவன்று ஊரே பார்க்கத் திரையை விலக்கினார். பீடத்தில் ஒரு கல்வெட்டு மட்டும் இருந்தது: 'இதுவே இறுதி.'

"அணு எங்கேய்யா?"

"உங்க தாத்தா திறந்தது வெறும் உருண்டைங்க. அப்பா திறந்த உருண்டையில எலக்ட்ரானை மணி மணியாப் பதிச்சிருந்தாங்க. நீங்க திறந்ததுல அதுவே கோள் மாதிரி சுத்துச்சு. இப்ப அதையே மேகம்ங்கிறாங்க. மூணு பேரும் கீழே வெச்ச கல்வெட்டுல மட்டும் இந்த ரெண்டு வார்த்தை மாறவே இல்லைங்க."